அவர் பெயரில் ஒன்று

என் கணவர் கண்டுபிடித்த எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. இதைப் பகிடிக்குச் சொல்லவில்லை. பாதி ஆயுளுக்கு மேல் மின் பொறியியலாளராக இருந்த மனிதர். நாற்பதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளில் அவருடைய பெயர் இருக்கிறது. ஆனால் அவர் கண்டுபிடித்தவை வீட்டுக்குள் வைக்கிற சாமான்கள் அல்ல. துணை மின்நிலையங்களிலும் காகித ஆலைகளிலும், யாரும் எட்டிப் பார்க்காத இரும்புப் பெட்டிகளுக்குள் அவை இருக்கின்றன. கலியாணம் கட்டிய புதிதில் யாராவது "அவர் என்ன செய்யிறவர்?" என்று கேட்டால் பெருமையோடு விளக்கத் தொடங்குவேன். பாதியில் கேட்டவரின் கண் பலகாரத் தட்டின் பக்கம் போய்விடும். பிறகு "கொம்பனியில வேலை" என்று மட்டும் சொல்லப் பழகிக்கொண்டேன்.

வீட்டில் இருப்பவை பலகைகள். ஒவ்வொரு காப்புரிமை கிடைத்ததும் கொம்பனி ஒரு கேக் வெட்டி, ஒரு மரப்பலகை கொடுக்கும். அதில் ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் கண்டுபிடிப்பின் தலைப்பு, கண்டுபிடித்தவர்களின் பெயர்கள், எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் உரிமையாளர் என்று கொம்பனியின் பெயர். கண்டுபிடித்தவர்கள் என்று மூன்று நான்கு பேர் இருப்பார்கள். வேலை செய்தவர் ஒருவர், கூட்டத்தில் இருந்தவர்கள் மிச்சப் பேர். வேலை செய்தவரின் பெயர் கடைசியில் இருக்கும்.

"முதலாவது பேர் ஆரின்ட?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என்ட மனேஜர்."

"அவர் என்னத்தைக் கண்டுபிடிச்சவர்?"

"கூட்டத்துக்கு நேரத்துக்கு வந்தவர்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. கோபம்தான் நின்று பிடித்தது. பேஸ்மென்ட் சுவர் நிறைந்த பிறகு பலகைகளை மூலையில் அடுக்கத் தொடங்கினார். நான் அதில் ஒன்றை எடுத்து ஃப்ரீசரின் ஆடுகிற காலுக்குக் கீழே கொடுத்தேன். அவர் சண்டை பிடிப்பார், பிடித்தால் மனதில் உள்ளதை எல்லாம் கொட்டலாம் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "சரியான உயரம்" என்று சொல்லிப் போய்விட்டார். கோபம் வராத மனிதரோடு வாழ்கிறவளுக்கு இரண்டு பேருடைய கோபத்தையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கிறது.

அவர் பிரெஞ்சு பேசுகிற இந்த நகரத்துக்கு அகதியாக வந்தபோது ஊரில் படித்த படிப்பை இங்கே யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பழைய மோட்டார்களுக்குக் கம்பி சுற்றுகிற ஒரு பட்டறையில் தொடங்கினார். மூன்று குளிர்காலம் அங்கே. வேலை முடிந்து பிரெஞ்சு வகுப்பு, அதற்குப் பிறகு பொறியியலாளர் என்று போட்டுக்கொள்வதற்கான சோதனைகள். எல்லாம் முடித்து சென்-லோறோன் பக்கத்தில் ஒரு கொம்பனியில் சேர்ந்தபோது ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வேலையில் இருக்கும்வரை கொம்பனியின் துறையில் அவருக்கு என்ன யோசனை வந்தாலும் அது கொம்பனிக்குச் சொந்தம் என்று அதில் எழுதியிருந்தது.

"குளிக்கேக்க வந்தாலுமோ?" என்றேன்.

"ஓம். குளிக்கேக்க வந்தாலும்."

அவருக்கு யோசனை பெரும்பாலும் சாப்பிடும்போதுதான் வரும். சோற்றுப் பிடி வாய்க்குப் பாதி வழியில் நின்றுவிடும். மகள் சின்னவளாக இருந்தபோது, "அம்மா, அப்பா திரும்பவும் நிண்டுட்டார்" என்று பிரெஞ்சில் கத்துவாள். நான் அவருடைய முழங்கையைத் தட்டி விடுவேன், கை மிச்ச வழியைப் போகும். என் சாப்பாட்டு மேசையில் பிறந்ததெல்லாம் யாரோ ஒருவருடைய ஆலைக்குப் போனது. எங்களுக்கு வந்தது கேக்கும் பலகையும்.

அவருக்கென்று ஆசை இல்லாமல் இருக்கவில்லை. அது ஒரு மாசி மாதத்தில் வந்தது. எங்கள் தெருவில் கூரை விளிம்புகளில் வெப்பக் கம்பி வளைத்து வளைத்துப் போட்டிருப்பார்கள். வீட்டுச் சூட்டில் உருகுகிற பனி விளிம்புக்கு வந்து திரும்ப உறைந்துவிடும். தண்ணீர் போக வழியில்லாமல் சீலிங்குக்குள் இறங்கும், அல்லது ஈட்டி மாதிரி ஐஸ் தொங்கி யாருடைய தலையிலாவது விழும். அதற்காகத்தான் கம்பி. ஆனால் அந்தக் கம்பிக்கு மூளை இல்லை. முதல் பனிக்குப் போட்டால் சித்திரை வரை தேவையோ இல்லையோ எரியும். அவர் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர், சவளை அப்படியே குத்தி நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஜன்னலால் பார்த்துவிட்டு, மனிதருக்கு நெஞ்சுவலியாக்கும் என்று பதறி ஓடினேன்.

"இஞ்சரும், அந்தக் கம்பியிட்டயே கேக்கலாம்" என்றார்.

"என்னத்தை?"

"மேல ஐஸ் இருக்கோ இல்லையோ எண்டு. ஐஸ் உருகுமட்டும் கம்பி ஒரு மாதிரிக் கரண்ட் எடுக்கும், உருகி முடிஞ்சா வேற மாதிரி எடுக்கும். அதைப் பார்த்தாக் காணும். வேற ஒரு சாமானும் வேண்டாம்."

எனக்கு அன்றைக்கே விளங்கியது. கூரைக் கம்பி அவருடைய கொம்பனியின் வேலையே இல்லை. அப்படி இருந்தும் ஒரு கோடு கீறமாட்டேன் என்றார். அங்கே சம்பளம் எடுக்கும்வரைக்கும் தொடமாட்டாராம். பேந்து ஒருவரும் வந்து கை வைக்கக் கூடாதாம்.

"ஒண்டு போதும்" என்றார். "ஒண்டு என்ட பேரில இருக்கட்டும். கண்டுபிடிச்சவரும் நான், சொந்தக்காரனும் நான்."

முப்பது வருடத்தில் அவர் தனக்கென்று கேட்டது அது ஒன்றைத்தான். ஓய்வுபெறும்வரை ஏழெட்டுக் குளிர்காலம் அந்த யோசனையைத் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை பனி கொட்டும்போதும் நாங்கள் இரண்டு பேரும் கூரையைப் பார்ப்போம்.

ஓய்வுபெற்ற அன்றும் ஒரு கேக். அடுத்த கிழமை பேஸ்மென்டில் மேசை போட்டார். பழைய பலகைகளை எல்லாம் அட்டைப் பெட்டிக்குள் தள்ளிவிட்டுக் கம்பிச் சுருளும் அளவுக் கருவிகளும் பரப்பினார். பாட்டுக்கூடக் கேட்டது கீழே இருந்து. அவருக்குப் பாடத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

அந்த இலையுதிர் காலத்தில் நான் விழுந்தேன். நான் வேலை செய்த குழந்தைகள் காப்பகத்தில், கார்டெறியில், பிள்ளைகளுக்குச் சூப் கொடுத்துக்கொண்டிருந்தபோது தலைக்குள் ஏதோ வெடித்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான் ஞாபகம். மூளையில் இரத்தக்கசிவு. சத்திரசிகிச்சை செய்தார்கள். பல நாள் கண் திறக்கவில்லையாம். மகள் வன்கூவரிலிருந்து பறந்து வந்தாளாம், அவர் கதிரையை விட்டு எழும்பவே இல்லையாம். எனக்கு எல்லாமே "ஆம்" போட்டுக் கேள்விப்பட்டவை. கண் திறந்தபோது இடது கையும் காலும் சொல் கேட்கவில்லை. அங்கிருந்து மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பினார்கள். குளிர்காலம் முழுவதும் அங்கேதான், நடக்கப் பழகுகிற வேலை.

அவர் காலையில் என்னிடம் வருவார், பின்னேரம் வீட்டுக்குப் போய்ப் பேஸ்மென்டில் இருப்பார். ஒருநாள் வந்து, "முடிஞ்சுது. முதலாவதைக் கோயில் கூரையில பூட்டிட்டன்" என்றார்.

எங்கள் கோயில், பிரெஞ்சுக்காரர் கட்டி, பிறகு தாங்கள் வராமல் விட்டு, ஞாயிறு பின்னேரத்தில் எங்களுக்குத் தருகிற ஒரு பழைய மாதா கோயில். வாசலுக்கு மேலே ஐஸ் தொங்கும். சனம் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு உள்ளே ஓடும். அதனால் அங்கே பூட்டியது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். முதல் பிடித்த மீன், முதல் சம்பளம், முதல் பிள்ளையின் முதல் மொட்டை எல்லாம் கோயிலுக்கு. பூசை முடிந்ததும் குருவானவர், எங்கள் சுவாமி, அவரை முன்னுக்குக் கூப்பிட்டு நன்றி சொன்னாராம். கோயில் இளையோர் வாசலில் வைத்து வீடியோ எடுத்து இணையத்தில் போட்டார்கள். அதை என் கட்டிலருகே அவரே காட்டினார். மூக்குச் சிவந்து, ஏணியைப் பிடித்துக்கொண்டு, கம்பியிடம் எப்படிக் கேட்பது என்று ஆதியிலிருந்து அந்தம் வரை தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். தன் வேலையைச் சனத்துக்கு முன்னால் தமிழில் அவர் விளக்கியதை நான் அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்த்தேன். எவ்வளவு அழகாகச் சொன்னார். கோயில் அக்காமார் பின்னால் நின்று தலையாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவருடைய நாள் முழுக்க நான்தான். சமைத்தார், உடுப்பு மாற்றினார், கையைப் பிடித்துப் படியேற்றினார், பயிற்சிக்குக் கூட்டிப்போனார். மேசையில் தூசி படிந்தது. "உங்கட வேலையைப் பாருங்கோவன்" என்று கத்துவேன். "அது எங்க போகப்போகுது? பேந்து பாப்பம்" என்பார். அடுத்த குளிர்காலமும் அப்படியே போனது. அதற்கடுத்த இலையுதிர் காலத்தில்தான் நான் தனியாகக் குசினியில் நின்று தேத்தண்ணி ஊற்றத் தொடங்கினேன், அவர் காப்புரிமைக்கான விவரத்தை எழுத உட்கார்ந்தார்.

எழுதி முடித்து முதல் பக்கத்தை மேசையில் என் முன்னால் வைத்தார். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர். உரிமையாளர் என்ற இடத்திலும் அதே பெயர். நான் வலது கையால் அதைத் தடவிப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்கத் தேத்தண்ணி ஊற்றப் போனேன். அன்றைக்கு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன், சொல்ல வெட்கமில்லை.

டவுன்டவுனில் ஒரு காப்புரிமை முகவரிடம் போனோம். கெட்டிக்காரி, எங்கள் மகளின் வயதுதான் இருக்கும். பிரெஞ்சுக்காரி என்றாலும் அவரோடு ஆங்கிலத்தில் கதைத்தாள். எழுதியதைப் படித்துவிட்டு, இவ்வளவு துப்புரவாக யாரும் எழுதிக்கொண்டு வந்ததில்லை என்றாள். அவர் கூச்சத்தோடு சிரித்தார். பிறகு வழக்கமான கேள்விகள்.

"இதை வெளியில் யாருக்காவது காட்டினீர்களா?"

"இல்லை" என்றார், யோசிக்காமலே.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த விதி அவருக்குத் தெரியாததல்ல. ஊருக்குக் காட்டிய ஒரு பொருளுக்கு ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால் உரிமை போய்விடும். கொம்பனியில் புதிதாகச் சேருகிற இளம் பொறியியலாளர்களுக்கு அதைப் படிப்பித்தவரே அவர்தான். மாநாட்டில் வாய் திறக்காதே, மின்தூக்கியில் கதைக்காதே, மச்சானிடம் சொல்லாதே என்று ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொடுத்த மனிதர்.

அவள் தாளைப் புரட்டினாள். "இங்கே ஒரு குளிர்காலத்து அளவுகள் இருக்கின்றன. இவை எங்கே எடுத்தவை?"

"ஒரு தேவாலயத்தில்."

"அங்கே யார் வருவார்கள்?"

"எங்களுடைய ஆட்கள் மட்டும்தான்."

"எத்தனை பேர்?"

"ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் நிறைந்துவிடும்…" என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். சோற்றுப் பிடி பாதி வழியில் நிற்கிற அதே நிற்பு. ஆனால் முகத்தில் இரத்தம் இல்லை. அவருக்கு வெளியாட்கள் என்றால் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கதைக்கிறவர்கள். முப்பது வருடம் அவர்களிடமிருந்துதான் எல்லாவற்றையும் பொத்திப் பொத்தி வைத்தார். கோயில் வாசலில் நின்ற சனம் அவர் கணக்கில் வெளியே இல்லை. வீட்டுக்குள் நின்று கதைத்த மாதிரித்தான் அங்கே நின்று கதைத்திருக்கிறார். ஐந்நூறு பேருக்கு முன்னால் சொன்னாலும் எங்கட ஆக்கள் எங்கட ஆக்கள்தானே.

வீடியோவைப் பற்றியும் அவரே சொன்னார். கேட்காமலே சொன்னார். அவள் அதைத் தேடி எடுத்துத் தேதியைப் பார்த்தாள். ஒரு வருடம் எப்போதோ கடந்திருந்தது. அந்தக் கண்ணாடி அறைக்குள் அவருடைய குரல் தமிழில் கேட்டது. அதைப் பார்த்தவர்கள் மிகக் கொஞ்சப் பேர். எந்த மொழியில் சொன்னாலும் சட்டத்துக்கு ஒன்றுதான் என்றாள், வருத்தத்தோடு.

பிறகு அவளே ஒரு வழியும் காட்டினாள். அது பரிசோதனைக்காகப் பூட்டியதாக இருந்தால், சாமான் இன்னும் முடியாமல் அவர் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்ததாக இருந்தால், வாதாட இடம் இருக்கிறது என்றாள். லேசில்லை, ஆனால் இடம் இருக்கிறது. கோயிலும் அதை உறுதிப்படுத்த வேண்டும்.

எனக்கு உயிர் வந்தது. அது பொய்யே இல்லை. அந்தக் குளிர்காலத்தில் அவர் திரும்பவும் திரும்பவும் ஏணியில் ஏறி எதையோ மாற்றிக்கொண்டிருந்தார் என்று கோயிலில் எல்லோரும் எனக்குச் சொன்னார்கள்.

"இஞ்சேருங்கோ, ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றேன் தமிழில். "ஏறி ஏறித் திருத்தினனீங்கள்தானே. உள்ளதைத்தானே கேக்கிறா."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அவளைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். "அது முடிந்த சாமான். பரிசோதனைக்கு வைக்கவில்லை. கொடுத்துவிட்டேன்."

"யாருக்கு?"

"என் மனைவியை அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனபோது, முதலாவதை மாதாவுக்குத் தருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு இனிப்பான சொல் சொல்லாத மனிதர், இதை எனக்கு முன்னால், எனக்குத் தெரியாத ஒருத்திக்கு, ஆங்கிலத்தில் சொல்கிறார். இந்தக் கதையைக் கேட்கிறவர்கள் எல்லோரும் என் மனம் இளகியிருக்கும் என்று நினைக்கிறார்கள். இளகவில்லை. எனக்கு வந்தது கொதிப்பு.

கார் நிறுத்துமிடம் வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தியதும் தொடங்கினேன்.

"ஆரைக் கேட்டு நேர்ந்தனீங்கள்? மெழுகுதிரி கொளுத்தியிருக்கலாம். நடந்து வாறன் எண்டு நேர்ந்திருக்கலாம். உங்களிட்ட இருந்தது அது ஒண்டுதானே. அதையோ குடுக்கிறது?"

"அது ஒண்டு இருந்தபடியால்தானே அதைக் குடுத்தனான்."

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"உம்மட்டக் கேக்கேலாதெண்டபடியால்தானே மாதாவிட்டக் கேட்டனான்" என்றார், சாவியைத் திருப்பிக்கொண்டே.

என் கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அவருக்குத் தெரியாமல் சுவாமியிடம் போனேன். சுவாமி தங்கமான மனிதர். "அவர் திருத்தினதை நான் கண்ணால கண்டனான், சந்தோஷமாச் சொல்லுவன். மாதா இதுக்கெல்லாம் கோவிக்கமாட்டா" என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"சுவாமி சொல்லுவார், நான் சொல்லமாட்டன்" என்றார். "நேர்ந்து குடுத்ததைப் பேந்து சோதிக்க வைச்சனான் எண்டு சொன்னா, அண்டைக்கு நான் கேட்டதும் சும்மா எண்டு ஆகிடும்."

அத்தோடு அந்தக் கதை முடிந்தது. அவர் முடித்துவிட்டார்.

போன குளிர்காலத்துக்கு முன் ஓர் இரும்புக்கடையில் அதே மாதிரி ஒன்றைப் பார்த்தோம். அட்டைப் பெட்டியில் அழகான படம் போட்டு, கம்பியே ஐஸை உணரும் என்று இரண்டு மொழியிலும் எழுதியிருந்தது. வீடியோவைப் பார்த்துச் செய்தார்களோ, தாங்களாகவே யோசித்தார்களோ, எனக்குத் தெரியாது. தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியாது, அது இப்போது எல்லோருக்கும் பொது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். "நல்லாச் செய்திருக்கிறாங்கள்" என்று சொல்லிப் பெட்டியை நேராக அடுக்கிவிட்டு வந்தார். அதை எடுத்து நிலத்தில் அடிக்க வேண்டும் போல் எனக்கு இருந்தது. என் இடது கையால் அதைத் தூக்கக்கூட முடியாது.

பேஸ்மென்டில் இப்போது மேசை இல்லை. அவர் சமைக்கிறார், செய்தி பார்க்கிறார். சாப்பாட்டுக் கை நிற்காமல் வாய்க்குப் போகிறது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அண்மையில் ஒரு பிறந்தநாள் வீட்டில், ஊரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் அவருடைய காப்புரிமைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வாய் பிளந்தார். "எல்லாம் கொம்பனிட பேரிலயோ அண்ணை? உங்கட பேரில ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டார். இவர் சிரித்துக்கொண்டே என்னைக் கையால் காட்டி, "இவ இருக்கிறாதானே" என்றார். மேசை முழுவதும் சிரித்தது. ஒரு பெண் கண்ணைக்கூடத் துடைத்தாள்.

நான் சிரிக்கவில்லை. நான் அவர் கண்டுபிடித்த சாமான் இல்லை. நான் உயிரோடு இருக்க வேண்டும், அந்த முதல் பக்கத்தில் இரண்டு இடத்திலும் அவர் பெயர் இருக்க வேண்டும், எனக்கு இரண்டும் வேண்டும். என்னிடம் கேட்டிருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். இரண்டில் ஒன்றுதான் என்று, நான் கண் மூடிக் கிடந்த நேரத்தில், அவர் தனியாக இருந்து முடிவெடுத்தார். அதற்கு நன்றி சொல்லு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் இன்னும் சொல்லவில்லை.